கிற்றாருக்கும் குரலுக்கும் இடம் பிரித்தல்: ரீப்பர் மென்பொருள் பற்றிய ஒரு மதிப்பீடு

மட்டக்களப்பில் வீட்டு அறையிலேயே ஒலிப்பதிவு செய்பவர்களிடம் வரும் பாடல்களிற் பெரும்பாலானவை இரண்டே மூலங்களை நம்பி நிற்பவை: ஓர் அக்கூஸ்டிக் கிற்றார், ஒரு குரல். தேவாலயப் பாடகர் குழுக்கள், திருமண வீடுகளில் வயலினோடு கிற்றார் வாசித்துத் தலைமுறையாகப் பழகிய பறங்கியர் குடும்பங்கள், தாமே எழுதித் தாமே மெட்டமைக்கும் மாணவர்கள் என எவர் வந்தாலும் பாட்டைத் தாங்குவது கிற்றார்தான். மூலங்கள் குறைவாக இருந்தால் வேலை இலகு என்று தோன்றும். ஆனால் மறைத்துக்கொள்ள வேறெதுவும் இல்லாத பாட்டில், இடது காதுக்கும் வலது காதுக்கும் இடையே எதை எங்கே வைப்பது என்ற தீர்மானம் ஒன்றே பாட்டின் தோற்றத்தை மாற்றிவிடுகிறது. ரீப்பர் என்னும் ஒலிப்பதிவு மென்பொருளை அந்த ஒரு வேலையை வைத்து மட்டும் இங்கே மதிப்பிடுகிறேன். இசைக்கருவிகளைக் கணினியோடு இணைக்கும் அதன் மிடி வசதிகளும் காணொளி வசதிகளும் இந்த எழுத்தின் எல்லைக்குள் வருவனவல்ல.

ரீப்பரை உருவாக்கும் கொக்கோஸ் நிறுவனத்தின் பின்னால் இருப்பவர் ஜஸ்டின் பிராங்கல். 1990களின் பிற்பகுதியில் கணினியிற் பாட்டுக் கேட்ட எவரும் அறிந்த வின்அம்ப்பை எழுதியவரும் இவரே. ரீப்பரின் முதலாம் பதிப்பு 2006இல் வெளிவந்தது. ஏழாம் பதிப்பு 2023 ஒக்டோபரில் வந்தது. நிறுவற் கோப்பு மிகச் சிறியது என்பதால், மொபைல் டேற்றாவிலேயே எல்லாவற்றையும் நடத்தும் ஒருவருக்கு அதைத் தரவிறக்குவது பெரிய செலவாகாது. பழைய மடிக்கணினியிலும் தடுமாறாமல் ஓடுகிறது. 60 நாட்கள் எந்த வசதியும் மறைக்கப்படாமல் இலவசமாகப் பாவிக்கலாம்; அதன் பின்னரும் மென்பொருள் பூட்டப்படுவதில்லை, தொடங்கும்போது நினைவூட்டும் சாளரம் ஒன்று மட்டும் சில செக்கன்கள் நிற்கும்.

இனி விடயத்துக்கு வரலாம். ஒரு கிற்றாரை இரண்டு ஒலிவாங்கிகளால் பதிவு செய்ததாக வைத்துக்கொள்வோம். ஒன்று கிற்றாரின் கழுத்தில் உள்ள பன்னிரண்டாம் கட்டைக்கு (ஃப்ரெட்டுக்கு) நேரே, ஒரு சாண் அல்லது சற்றுக் கூடிய தூரத்தில் நிற்கிறது. மற்றையது பாலத்துக்குப் பின்னால், கிற்றாரின் உடலை நோக்கி நிற்கிறது. முதலாவதில் தந்தியின் பளிச்சோசையும் விரல் உரசலும் அதிகம். இரண்டாவதில் மரத்தின் கனம் அதிகம். இரண்டையும் ஒரே ஸ்டீரியோ ட்ராக்கில் இடது, வலது எனப் பதிவு செய்துவிட்டு, கிற்றாரைச் சற்று இடப்பக்கம் தள்ளலாம் என்று, ஒலியை இடம் வலமாக நகர்த்தும் ரீப்பரின் பான் குமிழை இடது பக்கம் திருப்பினால், கிற்றார் இடம்பெயர்வதில்லை. வலது பக்க ஒலி மெல்ல மெல்லக் குறைகிறது. முழுவதுமாகத் திருப்பிவிட்டால் உடலை நோக்கிய ஒலிவாங்கி அடியோடு மௌனமாகிவிடும், கனம் போய்த் தந்தியின் கிணுகிணுப்பு மட்டும் எஞ்சும். புதிதாக ரீப்பருக்கு வருபவர்கள் இந்த இடத்தில் ஒலிவாங்கியைக் குறை சொல்வார்கள், அறையைக் குறை சொல்வார்கள், கடைசியிற் கிற்றாரையும் குறை சொல்வார்கள். காரணம் இவை எதுவுமல்ல. ரீப்பர் புதிய ட்ராக்குகளை ஸ்டீரியோ பேலன்ஸ் என்னும் முறையிலேயே திறக்கிறது. அந்த முறை ஒரு பக்கத்தைக் குறைக்குமே தவிர இரண்டு பக்கத்தையும் சேர்த்து நகர்த்தாது.

மருந்து அதே குமிழிலேயே இருக்கிறது. குமிழின் மேல் வலது கிளிக் செய்தால் பான் முறைகளின் பட்டியல் வரும். அதில் ஸ்டீரியோ பானும் டூவல் பானும் இருக்கும். ஸ்டீரியோ பான் முறையிற் குமிழுடன் அகலத்துக்கான இன்னொரு குமிழும் தோன்றுகிறது. அகலத்தைப் பாதியாக்கினால் இரண்டு ஒலிவாங்கிகளும் நடுவை நோக்கி நெருங்கும், பூச்சியமாக்கினால் இரு பக்கமும் ஒன்றாகக் கலந்த மோனோவாகிவிடும், எதிர்மறைப் பக்கம் கொண்டு சென்றால் இடமும் வலமும் இடம் மாறிக்கொள்ளும். டூவல் பான் முறையோ இடது சனலுக்கு ஒரு குமிழ், வலது சனலுக்கு ஒரு குமிழ் என இரண்டைத் தனித்தனியே தருகிறது. அக்கூஸ்டிக் கிற்றாருக்கு நான் பரிந்துரைப்பது இதனையே. இந்த ஒரு வசதிக்காகவே ரீப்பரைத் தேர்ந்தெடுக்கலாம் என்று கூடச் சொல்வேன்.

அதன் பயனை ஓர் அமைப்பில் வைத்துக் காட்டலாம். குரல் நடுவில் இருக்கிறது. வலப்பக்கத்தை ஒரு வயலினுக்காக ஒதுக்கியிருக்கிறோம். ஆகவே கிற்றார் இடது பாதிக்குள் அடங்க வேண்டும், ஆனால் ஒரு புள்ளியாகச் சுருங்கிவிடவும் கூடாது. டூவல் பானில் கட்டைப் பக்க ஒலிவாங்கியை முழு இடதுக்கும், உடற் பக்க ஒலிவாங்கியை நடுவுக்குச் சற்று இடப்புறமாக, 20 அல்லது 25 சதவீதத்துக்கும் கொண்டுவந்தால், கிற்றார் இடது பாதியிலே தனக்கென ஓர் அகலத்தோடு அமர்ந்துகொள்ளும். பளிச்சோசை ஓரத்திலும் கனம் நடுவை ஒட்டியும் இருப்பதாற் குரலுக்குக் கீழே ஒரு தளம் கிடைக்கிறது, ஆனால் குரலின் எழுத்துகள் ஒலிக்கும் இடத்திற் கிற்றாரின் உரசல் வந்து விழுவதில்லை. உடற் பக்க ஒலிவாங்கியை நடுவுக்கே கொண்டுவந்துவிட்டாற் குரலின் அடிப்பகுதி சேறாகிவிடும். 20 சதவீத விலகலே போதுமான வேறுபாட்டைத் தருகிறது.

இரண்டு ஒலிவாங்கிகளை இப்படி நெருக்கி வைக்கும்போது ஒரு சிக்கல் எழும். எங்கள் பக்க வெப்பநிலையில் ஒலி ஒரு மில்லிசெக்கனில் ஏறக்குறைய 35 சென்ரிமீற்றர் செல்கிறது. ஓர் ஒலிவாங்கி மற்றையதை விட அவ்வளவு தூரம் பின்னால் இருந்தால், இரண்டும் ஒன்று சேருமிடத்தில் 500 ஹெர்ட்ஸ் அளவில் ஒரு பள்ளம் விழும், அதாவது அந்தப் பகுதி ஒலி அடங்கிப்போகும்; கிற்றாரின் நடுப்பகுதி உள்ளீடற்று ஒலிக்கும். ரீப்பரில் அலைவடிவத்தை மிக நுணுக்கமாகப் பெருப்பித்துப் பார்த்து, பிந்தி வரும் பதிவை முன்னே இழுத்துச் சீராக்குவது மிக எளிது. அவ்வாறு நகர்த்துவதற்கு இரண்டும் தனித்தனி மோனோ ட்ராக்குகளாக இருப்பது நல்லது என்பதால், ஒத்த தூரத்தில் வைக்க முடியாத அறைகளில் ஒரே ஸ்டீரியோ ட்ராக்காகப் பதிவு செய்யாமல் விடுவதே புத்தி. ஒவ்வொரு ட்ராக்கிலும் அலையைத் தலைகீழாக்கும் பொத்தானும் உண்டு. அதை அழுத்தியும் விட்டும் கேட்டால் எந்த நிலையிற் கனம் கூடுகிறது என்பது உடனே தெரிந்துவிடும்.

அடுத்தது, நடுவில் நிற்கும் ஒலியை எவ்வளவு குறைப்பது என்று தீர்மானிக்கும் பான் லோ எனப்படும் அமைப்பு. இதைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. ஆனால் எல்லா ஒலிகளையும் சேர்த்த கலவையின் சமநிலையை இதுதான் ஓசையின்றிக் குலைக்கிறது. ஒரு மோனோக் கிற்றார் நடுவில் இருக்கும்போது இரண்டு ஸ்பீக்கர்களும் ஒலிக்கின்றன; ஓரத்துக்குப் போனால் ஒன்றுதான் ஒலிக்கிறது. ரீப்பரின் இயல்பான அமைப்பு 0 டெசிபெல். அதாவது நடுவில் எந்தக் குறைப்பும் செய்வதில்லை. அதனால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளப்படும் கிற்றார் அறையிற் கேட்கும்போது சுமார் 3 டெசிபெல் மெலிந்துவிடும். இடம் மாறியதால் வந்த வேறுபாடா, அளவு குறைந்ததால் வந்த வேறுபாடா என்று காது குழம்பும். பலர் அந்தக் குழப்பத்திற் கிற்றாரை மீண்டும் நடுவுக்கே இழுத்துக் குரலோடு மோதவிட்டுவிடுவார்கள். புரொஜெக்ட் செற்றிங்ஸில் பான் லோவை −3 டெசிபெல்லுக்கு மாற்றி, பான் முறையையும் அங்கேயே தெரிவு செய்து, அவற்றை நிலையான அமைப்பாகச் சேமித்துவிட்டால், புதிய பாடல்கள் எல்லாம் அந்த அமைப்போடுதான் திறக்கும். ஏற்கனவே சமநிலைப்படுத்தி முடித்த பழைய பாடல்களில் இதை மாற்றக் கூடாது. அவற்றின் அளவுகள் எல்லாம் நகர்ந்துவிடும்.

ஒரே ஒரு கிற்றார், ஒரே ஒரு குரல் என்ற நிலையிலேதான் கேள்வி கடினமாகிறது. கிற்றாரை இடப்பக்கம் தள்ளினால் வலப்பக்கம் வெறுமையாகிவிடும். நடுவில் விட்டாற் குரலை மூடும். இதற்கு மிகச் சுத்தமான தீர்வு கிற்றார் வாசிப்பவரையே இரண்டு முறை வாசிக்கச் சொல்லி, ஒன்றை இடமும் மற்றதை வலமும் வைப்பது. மனிதக் கை ஒருபோதும் இரண்டு தடவை ஒரே மாதிரி வாசிப்பதில்லை. அந்தச் சிறிய வேறுபாடுகளே அகலத்தை உண்டாக்குகின்றன. ஏழாம் பதிப்பில் வந்த லேன் வசதி இங்கே பெரிதும் உதவுகிறது: பல வாசிப்புகளை ஒன்றன் கீழ் ஒன்றாக வைத்து, ஒவ்வோர் அடியிலும் எது நன்றாக இருக்கிறதோ அதை இழுத்துத் தெரிவு செய்தாற் போதும். இரண்டாவது வாசிப்பை, கிற்றாரின் கழுத்திற் பூட்டும் கப்போவைப் போட்டு வேறு நிலைக் கோர்ட்டுகளால் (சுரக்கூட்டுகளால்) வாசிக்கச் சொன்னால் இரண்டும் இன்னும் நன்றாகப் பிரியும்.

வாசிப்பவர் போய்விட்ட பிறகு வேலை செய்பவர்கள் எடுக்கும் குறுக்குவழி வேறு. கிற்றாரைப் பிரதி செய்து ஒன்றை இடமும் மற்றதைச் சில மில்லிசெக்கன் தாமதித்து வலமும் வைத்துவிடுவார்கள். முந்தி வரும் ஒலியின் திசையையே காது நம்பும் என்பதை ஹெல்முட் ஹாஸ் 1949இல் தமது ஆய்விற் காட்டினார். குறுக்குவழியின் அடிப்படை அதுதான். ஹெட்போனிற் கேட்கும்போது மிக அகலமாக, அழகாகவே இருக்கும். ஆனால் இரண்டு பக்கமும் ஒன்றாகச் சேரும்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள். 10 மில்லிசெக்கன் தாமதம் என்றால் 50, 150, 250 ஹெர்ட்ஸ் என்று 100 ஹெர்ட்ஸ் இடைவெளியிற் பள்ளங்கள் விழுகின்றன. கிற்றாரின் திறந்த டி தந்தி ஏறக்குறைய 147 ஹெர்ட்ஸ், பி தந்தி 247 ஹெர்ட்ஸ். அதாவது ஆறு தந்திகளில் இரண்டின் அடிச்சுரங்கள் நேரே பள்ளத்துக்குள் போகின்றன. கோர்ட் மாறும்போது சில சுரங்கள் காணாமற்போவதும் சில துருத்திக்கொண்டு நிற்பதும் அதனால்தான்.

இரண்டு பக்கமும் எங்கே ஒன்றாகச் சேரப்போகின்றன என்று கேட்பவர்கள், எங்கள் பாடல்கள் உண்மையில் எதிற் கேட்கப்படுகின்றன என்று எண்ணிப் பார்க்க வேண்டும். விலை குறைந்த கைத்தொலைபேசிகளின் ஒற்றை ஸ்பீக்கர், மேசையில் வைக்கும் சிறிய புளூடூத் ஸ்பீக்கர், திருவிழாக் காலத்திற் கம்பத்திற் கட்டும் குழாய் ஒலிபெருக்கி, ஒரு பக்கக் கம்பி அறுந்துபோன முச்சக்கரவண்டி செற் என எல்லாம் மோனோதான். எல்லா ஒலியும் வந்து சேரும் ரீப்பரின் மாஸ்டர் ட்ராக்கிலே மோனோப் பொத்தான் வெளியிலேயே இருப்பது சிறிய விடயம் போலத் தெரியலாம். கலவையின் போது அதிகம் அழுத்தப்பட வேண்டிய பொத்தான் அதுவே. அழுத்தியவுடன் இரு ஓரங்களிலும் உள்ள கிற்றார்கள் நடுவில் உள்ள குரலோடு ஒப்பிடுகையிற் சுமார் 3 டெசிபெல் பின்வாங்கும். இது கணக்கின் இயல்பு, கோளாறல்ல. ஆகவே குரலின் அளவை ஸ்டீரியோவில் மட்டும் வைத்துத் தீர்மானிக்காமல் இரண்டு நிலையிலும் கேட்டு இடைப்பட்ட ஓர் அளவில் நிறுத்த வேண்டும். கிற்றார்களை நூறு சதவீத ஓரத்துக்குக் கொண்டுபோகாமல் 70, 80 சதவீதத்தில் நிறுத்தினால் இந்த இடைவெளி குறைகிறது.

குரலின் இடம் பற்றி விவாதிக்க அதிகமில்லை: முதன்மைக் குரல் நடுவிலேயே இருக்கட்டும். இரண்டு ஸ்பீக்கர்களும் ஒரே அளவில் ஒலிக்கும்போது மூளை கற்பித்துக்கொள்ளும் நடுதான் அது. ஆனால் கேட்பவரின் கவனம் அங்கேதான் நிற்கும். துணைக்குரல்களை இரு பக்கமும் பிரிக்கலாம். ஆண் குரலை ஒரு பக்கமும் பெண் குரலை மறு பக்கமும் தனியே விட்டுவிடாமல் இரண்டு பக்கத்திலும் கலந்து வைத்தால் ஒரு பக்கம் கனத்துப் போகாது.

இடம் பிரிப்பது இடமும் வலமும் மட்டுமல்ல என்பதை ரீப்பரோடு வரும், ஒலியின் வெவ்வேறு அதிர்வெண் பகுதிகளைக் கூட்டிக் குறைக்கும் சமநிலைப்படுத்தியான ரீஈக்யூ நன்றாக நிரூபிக்கிறது. தமிழ்ச் சொல்லிற் தெளிவைத் தரும் மெய்யெழுத்துகளின் கூர்மை பெரும்பாலும் 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையான பகுதியில் இருக்கிறது. இரும்புத் தந்திக் கிற்றாரைப் பிக் என்னும் சிறு தகட்டால் அடிக்கும்போது எழும் ஓசையும் அதே பகுதியை நிரப்புகிறது. கிற்றாரில் 3,000 ஹெர்ட்ஸை அண்டி 2 அல்லது 3 டெசிபெல்லை அகலமாகக் குறைத்தாற் குரலை உயர்த்தாமலே சொற்கள் வெளியே வரும். கீழே 80 ஹெர்ட்ஸுக்குக் கீழ் உள்ளதை வெட்டிவிடலாம். கிற்றாரின் மிகத் தடித்த தந்தியே 82 ஹெர்ட்ஸிற்தான் தொடங்குகிறது. 100 முதல் 250 வரையான பகுதியில் உடற் பக்க ஒலிவாங்கி தரும் குமுறலைப் பாட்டுக்கு ஏற்பக் குறைக்க வேண்டும். ரீஈக்யூவில் புள்ளிகளை வேண்டிய அளவு சேர்க்கலாம், கணினிக்கும் பாரமில்லை. தோற்றம் மட்டும் அலுவலகக் கணக்குப் புத்தகம் போல இருக்கும்.

அறையின் எதிரொலியைச் சேர்க்கும் ரீவெர்ப்பில் ரீப்பரின் கையிருப்பு மெலிந்தது என்பதை மறைக்க முடியாது. ரீவெர்பேற் என்னும் கருவி குரலுக்கு உலோகச் சாயலைக் கொடுக்கிறது. அதே ரீவெர்ப் (ReaVerb) என்னும் பெயரிலேயே உள்ள மற்றைய கருவி, உண்மையான மண்டபங்களின் எதிரொலிப் பதிவுகளை ஏற்றிப் பாவிப்பது. அதனுள் நல்லதொரு பதிவை இட்டால் தரம் முற்றிலும் வேறு, ஆனால் அந்தப் பதிவுகளை நாங்களே தேடிக்கொள்ள வேண்டும். எதைப் பாவித்தாலும் ரீவெர்ப்பைத் தனி ட்ராக்கில் வைத்து, குரல் ட்ராக்கின் ரூட் பொத்தானை அங்கே இழுத்துவிட்டு ஒலியை அனுப்பும் முறை மிக வசதியானது. ஒற்றைக் கிற்றாரை இடப்பக்கம் வைத்து அதன் ரீவெர்ப்பை மட்டும் வலப்பக்கம் தள்ளினால், வலது பக்க வெறுமை நிரம்பும். கிற்றார் பெரியதோர் அறையின் இடது மூலையில் இருப்பதாகத் தோன்றும். இரண்டாவது வாசிப்பு இல்லாத பதிவுகளில், மேலே சொன்ன குறுக்குவழியை விட இது எவ்வளவோ மேல், மோனோவிலும் கெடுவதில்லை.

எங்கள் பக்கத்திற் பெரும்பாலானோர் ஹெட்போனிலேயே கலவை செய்கிறார்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டு, யன்னலையும் சாத்திக்கொண்டு, ஸ்பீக்கரைத் திறந்து வைத்து வேலை செய்ய நம் வெயில் விடாது. மாரியில் ஓட்டு மழையும் தவளையும் விடா. ஹெட்போனில் இடது காதுக்குப் போவது வலது காதுக்குச் சிறிதும் போகாததால், ஓரத்துக் கிற்றார்கள் அளவுக்கு மீறி விலகிக் கேட்கும். அதைக் கேட்டுப் பயந்து எல்லாவற்றையும் நடுவுக்கு நெருக்கிவிடுபவர்கள் உண்டு. ஒலியை மாற்றும் கருவிகளை அடுக்க மொனிற்றரிங் எப்எக்ஸ் என்றொரு தனிச் சங்கிலியை ரீப்பர் வைத்திருக்கிறது. அதற்குள் இடும் எதுவும் நம் காதுக்கு மட்டுமே கேட்கும், ஏற்றுமதி செய்யும் கோப்பிற் சேராது. இடதுபக்க ஒலியிற் சிறிதளவை வலது காதுக்குக் கசியவிடும் குரொஸ்பீட் கருவி ஒன்றை அங்கே வைத்தால், ஸ்பீக்கரிற் கேட்பதற்கு ஓரளவு அண்மையான தோற்றம் கிடைக்கும். விலையுயர்ந்த வேறு மென்பொருள்கள் சிலவற்றிற் கூட இல்லாத வசதி இது.

குறைகளிற் பெரியது, மேலே சொன்ன நல்லவை பலவும் வலது கிளிக்குக்குள்ளும் துணைச் சாளரங்களுக்குள்ளும் ஒளிந்திருப்பதே. ஸ்டீரியோக் கிற்றார் பதிவை நகர்த்த முனையும் ஒருவருக்கு ஒலி ஏன் பாதியாகிறது என்று ரீப்பர் எங்கும் சொல்வதில்லை. பட்டியல்கள் நீளமானவை, எழுத்துகள் சிறியவை. நூற்றுக்கணக்கான பக்கங்கள் கொண்ட வழிகாட்டி ஆங்கிலத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதிகாரபூர்வத் தளத்தில் கென்னி ஜோயா செய்த விளக்கக் காணொளிகளும் உண்டு, அவை வழிகாட்டியை விட விரைவாகக் கைகொடுக்கும். இசைக்கருவி ஒலிகள் அதிகமாகச் சேர்ந்து வர வேண்டும் என்பவர்களுக்கு இது ஏற்ற மென்பொருளல்ல.

விலையைப் பொறுத்தவரை, தனிப்பட்டவர்களுக்கும் ஆண்டு வருமானம் 20,000 அமெரிக்க டொலரைத் தாண்டாத தொழில்களுக்கும் அனுமதிப்பத்திரம் 60 டொலர். அதற்கு மேற்பட்டோருக்கு 225 டொலர். டொலருக்கு 300 ரூபா என்று கணக்கிட்டால் 60 டொலர் 18,000 ரூபாவாகும். ஏழாம் பதிப்பின் போது வாங்கியவருக்கு எட்டாம் பதிப்பு முடியும் வரை புதுப்பிப்புகள் அனைத்தும் அதற்குள் அடக்கம். பணம் வாங்கிக்கொண்டு திருமணப் பாடலும் பக்திப் பாடலும் பதிவு செய்து கொடுக்கும் மட்டக்களப்பு, கல்முனைச் சிறு ஒலிப்பதிவுக்கூடங்களில் 20,000 டொலரை எட்டுபவை மிகச் சிலவாகவே இருக்கும் என்பதால், அவர்களும் 60 டொலர் அனுமதிப்பத்திரத்தையே நேர்மையாக வாங்கலாம். பூட்டு உடைத்த பிரதிகளை இறுவட்டில் விற்கும் கடைகளில் வாங்கி, அதனோடு வைரசையும் வாங்கிக்கொண்டு வருவதற்கு இந்த மென்பொருளைப் பொறுத்தவரை எந்தக் காரணமும் இல்லை. வாங்குமுன் 60 நாட்களையும் முழுமையாகப் பயன்படுத்துங்கள்: ஒரு கிற்றாரை இரண்டு ஒலிவாங்கிகளாற் பதிவு செய்து, டூவல் பானில் வைத்து, குரலைச் சேர்த்து, மோனோப் பொத்தானை அழுத்திக் கேட்டாலே இது உங்கள் வேலைக்கு ஆகுமா என்பது தெரிந்துவிடும்.